சதுப்பு செத்த காணியா?

றொசல்லயில் எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் கறுப்புச் சேறு. கோரைப்புல்லைத் தவிர வேறொன்றும் அங்கு முளைப்பதில்லை. வாப்பா அதைச் 'செத்த காணி' என்பார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்தில் கான் வெட்டும் இருவரைக் கூலிக்குப் பிடித்துப் பள்ளத்தின் நீரை வடியவிட்டார். பின்னர் மண் கொட்டி நிரப்பினார். அதன்மேல் கடைச் சாமான் அறை எழுந்தது. தரிசாய்க் கிடக்கும் நிலத்தை உயிர்ப்பிப்பவனுக்கே அது உரியது என்ற மார்க்கச் சட்டத்தை அவர் அறிந்திருந்தார். நல்ல காரியம் செய்ததாகவே நம்பினார்.

அடுத்த மாசி மாதம் கீழ் லயத்துப் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கியது. வெறுங்குடத்தோடு கடைக்கு வந்த ஒரு மூதாட்டி, "மொதலாளி, நீங்க பள்ளத்த மூடினீங்க, எங்க பீலி செத்துப்போச்சுங்க" என்றார். வாப்பா பதில் சொல்லவில்லை. நாட்டில் அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளைக்கு அயலில் இருந்துகொண்டு, தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும் என்று யார் நினைத்தார்கள்? அந்தச் சேறுதான் மழையைக் குடித்து வைத்திருந்து, வெயில் மாதங்களில் சிறுகச் சிறுகக் கொடுத்து வந்தது என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கிற்று.

'செத்த காணி' என்பது வாப்பா மட்டும் கொண்டிருந்த எண்ணமல்ல. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம் மறுப்பு நிறுவப்படும் வரை அரசுக்குரியது என்று அனுமானித்தது. எங்கள் மலைகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கைமாறிய வழி அதுதான். சுதந்திரத்துக்குப் பின்னரும் பார்வை மாறவில்லை. 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை 'மீட்க' ஒரு சபையை அமைத்தது. சதுப்பை நிரப்புவதற்கு மீட்பு என்று பெயர் வைத்தால், அதுவரை அந்நிலம் யாரிடம் சிறைப்பட்டிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

எங்கள் மலைமுகட்டுக்கு அப்பால் விழும் மழை கெஹெல்கமு ஓயாவில் சேர்ந்து, மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. களனி கடலைத் தொடும் இடத்துக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையில் கிடக்கிறது முத்துராஜவெல. சுமார் 3,000 ஹெக்டேயர் பரப்புள்ள இது நாட்டின் பெரிய பீற் சதுப்பு. இறந்த தாவரங்கள் நீருக்குள் முழுமையாக உக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காய்ப் படிந்த கரிமண்ணே பீற். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 வீதமே உள்ள இந்த மண், உலகக் காடுகள் அனைத்தின் மரஞ்செடிகளிலும் உள்ளதைவிடக் கூடுதலான கரிமத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. வெள்ளம் வரும்போது நீரையும் வாங்கிக்கொள்கிறது.

முத்துராஜவெலயின் வடபகுதி 1996இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனாலும் மண்ணிட்டு நிரப்புவதும் குப்பை கொட்டுவதும் ஓயவில்லை. 2021இல் அப்பகுதியை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ்க் கொண்டுவரும் வர்த்தமானி வந்தபோது, அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் சென்றவர்களுள் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகையும் ஒருவர். நமது மேடைகளில் இந்தப் பொருள் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை. பேசுவதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை என்பதல்ல காரணம்.

தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிப் பிக்ஹு நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூ ஹனீபா. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது வேண்டியதில்லை. ஆனால், ஊரின் தேவையோடு பிணைந்த நிலமும் கிணற்றையும் ஊற்றையும் சூழ்ந்த 'ஹரீம்' எல்லையும் தரிசு நிலமாகா என்பதை இரு தரப்பாரும் ஏற்கின்றனர். இன்னொரு சம்பவமும் உண்டு. மஃரிபின் உப்பு நிலத்தை அப்யழ் இப்னு ஹம்மால் என்பவர் கேட்க, நபி (ஸல்) அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அது வற்றாத நீரைப் போன்றது என்று ஒருவர் எடுத்துச் சொன்னதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உண்மை தெரிந்த பின் கொடுத்ததையே மீளப் பெறலாம் என்பது இங்குள்ள படிப்பினை. ஒரு வர்த்தமானியை மீளப் பெறுவது எந்த அரசுக்கும் இழுக்கல்ல.

அறியாமல் செய்ததன் விலையை இந்தோனேசியா கண்டது. 1995இல் ஜனாதிபதி சுகார்த்தோ மத்திய களிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டேயரை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கால்வாய் வெட்டிப் பீற் நிலத்தை வடித்தனர். நெல் விளையவில்லை. உலர்ந்த மண் 1997இல் எரிந்தது; புகை அயல் நாடுகளையும் மூடியது. 2015இல் மீண்டும் பெருந்தீ. அதன் பின்னரே, 2016இல், பீற் நில மீளமைப்புக்கென ஒரு முகவரகம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு இந்தோனேசிய உலமா சபை காட்டையும் நிலத்தையும் எரிப்பது ஹராம் என்று பத்வா வழங்கியது.

எனினும், சதுப்பைக் காப்போம் என்று சொல்வதோடு விடயம் முடிந்துவிடவில்லை. சட்டம் வந்ததும் முதலில் பிடிபடுபவன் ஓரத்தில் குடிசை போட்டவனும் வலை வீசுபவனும்தான். லொறி லொறியாய் மண் கொட்டுபவனுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடுகிறது. 'ஹிமா' எனப்பட்ட பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தின் காவலருக்குக் கலீபா உமர் (ரலி) இட்ட கட்டளையை இவ்விடத்தில் நினைக்கிறேன். சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவர்களை உள்ளே விடச் சொன்னார். செல்வந்த ஸஹாபாக்களின் மந்தைகளைப் பெயர் குறிப்பிட்டே விலக்கச் சொன்னார். அவர்களின் கால்நடை மடிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் பேரீச்சையும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் பிள்ளைகளோடு தம் வாசலில்தான் வந்து நிற்பான் என்பதே அவர் சொன்ன காரணம். காப்புச் சட்டத்தின் கதவு யாருக்குத் திறந்து யாருக்கு மூடுகிறது என்பதை வைத்தே அதன் நீதியை அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலை வைத்தால் எங்கள் கடையும் தப்பாது. வாப்பாவுக்குச் சாமான் வைக்க வேறு இடம் இருந்தது. லயத்தாருக்கு வேறு பீலி இருக்கவில்லை. அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. மூதாட்டி வந்துபோன சில நாட்களில் வாப்பா எங்கள் கிணற்றிலிருந்து கீழ் லயம் வரை ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார். யாரும் வழக்குப் போடவில்லை, கேட்கவுமில்லை. அதன் பின்னர் 'செத்த காணி' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

அறையை இடித்தாலும் சேறு திரும்பாது. ஒரு மீற்றர் பீற் படிய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் செல்லும் என்கிறார்கள். வாப்பா மௌத்தாகிவிட்டார். குழாய் அடைபடும் போதெல்லாம் லயத்துப் பிள்ளைகள் என்னிடம்தான் வருகிறார்கள். நான் போய்த் திருத்திக் கொடுக்கிறேன். அதை நான் தர்மம் என்று எண்ணுவதில்லை. அது கடன்.