கவசமும் சம்மதமும்

ஆபத்தை அறிந்து, தம் விருப்பத்தாலேயே அதனை ஏற்க முன்வரும் ஒருவர் பொருட்டு, அவரை அனுப்புவோர்க்குக் கடமை ஏதும் எஞ்சுகின்றதா? படைவீரரையும் மாலுமியையும் சுரங்கத் தொழிலாளியையும் முன்னிட்டு நெடுங்காலமாக எழுப்பப்பட்டுவரும் இவ்வினாவை விண்வெளிப் பயணம் புதியதொரு வடிவில் மீண்டும் எழுப்புகின்றது.

புவியின் காந்தப்புலத்தை நீங்கிச் செல்லும் கலத்தைச் சூரியன் உமிழும் புரோத்தன்களும் அண்டக் கதிர்களும் தாக்குகின்றன. 1972 ஓகஸ்டில் நிகழ்ந்த பெருஞ் சூரியக் கொந்தளிப்பு, அவ்வாண்டு ஏப்பிரலில் சென்று மீண்ட அப்பலோ 16இற்கும், திசெம்பரில் புறப்பட்ட அப்பலோ 17இற்கும் இடையே அமைந்தது தற்செயலே. மனிதர் தப்பியது மதியால் அன்று, காலத்தின் தயவால்.

தடித்த கவசமே சிறந்த கவசம் என்பது பொதுக் கருத்து. அண்டக் கதிர்களைப் பொறுத்தவரை அது முற்றும் பொருந்தாது. அதிவேக அணுக்கரு ஒன்று உலோகத்தின் கருவோடு மோதுங்கால், நியூத்திரன் முதலிய இரண்டாந்தரத் துணிக்கைகள் பிறக்கின்றன. நிறைக்கு நிறை நோக்கின், அலுமினியத்தினும் ஐதரசன் செறிந்த பொருள்களே மேலானவை. ஆதலின் சர்வதேச விண்வெளி நிலையத்தின் துயிலறைகளிற் பொலித்தீன் பொருத்தப்பட்டது. ஆயின் பொலித்தீன் வெப்பத்தையும் பெருஞ் சுமையையும் தாங்காது. எனவே அதன் வலிய இழைகளைப் பிசினிற் பதித்தும், நியூத்திரனை உறிஞ்சும் போரனைச் சேர்த்தும், கலத்தின் சுவராகவும் கவசமாகவும் ஒருங்கே பயன்படத்தக்க கூட்டுத் திரவியங்களை ஆக்க ஆய்வாளர் முயல்கின்றனர்.

இம்முயற்சியுள் அறப்பொருள் ஒன்று உண்டு. கவசம் தனிச் சுமையாக உள்ளவரை, அது உணவோடும் எரிபொருளோடும் கருவிகளோடும் போட்டியிடுகின்றது. சிக்கனம் வேண்டப்படும்போது முதலிற் குறைக்கப்படக் கூடியதாகின்றது. சுவரே கவசமாயின், அதனைக் குறைத்தல் கலத்தையே குறைத்தலாகும். பாதுகாப்பு பின்னர்ச் சேர்க்கப்படும் சலுகையாகவன்றி, அமைப்பின் உறுப்பாகவே இருத்தல் வேண்டும் என்பது ஆலைக்கும் சுரங்கத்துக்கும் பொருந்தும் நீதியாகும்.

எனினும் எத்திரவியமும் ஆபத்தை முற்றாக நீக்காது. கியூரியோசிற்றி 2011-12இற் செவ்வாய்க்குச் சென்ற வழியிற் பெற்ற அளவீடுகளின்படி, போய்வரும் பயணத்துக்கு மாத்திரம் ஏறத்தாழ 660 மில்லிசீவேட் கதிர்வீச்சை ஏற்கவேண்டியிருக்கும். 2022இல் நாசா வகுத்த பணிக்கால எல்லையோ 600 மில்லிசீவேட். முன்னைய விதி பெண்களுக்குக் குறைந்த அளவையே அனுமதித்தது. காக்க எழுந்த விதியே அவர்தம் வாய்ப்பைச் சுருக்கிற்று. 35 வயதுப் பெண்ணொருவரின் ஆபத்தை அடிப்படையாகக் கொண்ட புதிய எல்லை யாவர்க்கும் பொதுவாயிற்று. ஆயின் செவ்வாய்ப் பயணத்துக்கு அவ்வெல்லையும் போதாது.

அறிந்தளித்த சம்மதம் இருப்பின் எல்லை எதற்கு என்பர் சிலர். தம் உடலுக்குத் தாமே உரியவர் என்னும் அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின் சம்மதம் ஏற்பவரின் உரிமையை நிறுவுகின்றதேயன்றி, அனுப்புவோரின் கடமையைத் தீர்ப்பதில்லை. ஓரிடத்துக்குப் பலர் காத்திருக்கும் பணியில், மறுப்பவர் இழப்பது அவ்விடத்தையே. அங்ஙனம் கூறப்படும் 'ஆம்' முழுச் சுதந்திரமுடையதன்று. மேலும், கதிர்வீச்சால் விளையும் புற்றுநோய் பல்லாண்டு கழித்தே தோன்றுவது. சம்மதத்தை அளிப்பது இளமை. விலையைக் கொடுப்பது முதுமை.

2014இல் ஐக்கிய அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழுவொன்று இதனை ஆராய்ந்தது. நீண்ட பயணங்களுக்காக நியமங்களைத் தளர்த்துதல் அறமாகாது எனவும், கடும் நிபந்தனைகளோடு விதிவிலக்கு அளித்தல் ஒன்றே ஏற்கத்தக்கதாகலாம் எனவும் அது கூறிற்று. இவ்வேறுபாடு சொற்சிலம்பம் அன்று. தளர்த்திய நியமம் ஆபத்தை இயல்பாக்கி மறைக்கின்றது. விதிவிலக்கோ ஒவ்வொரு முறையும் காரணம் கூறுமாறு அனுப்புவோரை நிறுத்திக் கேட்கின்றது.

ஆகவே கடமையும் சம்மதமும் ஒன்றற்கொன்று மாற்று ஆகா. ஆக்கத்தக்க கவசத்தை ஆக்கி முடித்த பின்னரே, எஞ்சிய ஆபத்தை ஏற்குமாறு ஒருவரைக் கேட்கும் தகுதி பிறக்கின்றது. அதற்கு முன் பெறப்படும் சம்மதம், அனுப்புவோர் தமக்குத் தாமே அணிந்துகொள்ளும் கவசமாகவே அமையும்.