அவர் சொன்ன சொல்

மட்டக்களப்பு வாவியோரத்தில் உள்ள எங்கள் மஹல்லாவுக்கு ஒரு பேக்கரி வேண்டும் என்ற பேச்சு 2022 இல் எழுந்தது. கேஸ் தட்டுப்பாட்டால் நாடெங்கும் பல பேக்கரிகள் மூடிக்கிடந்த காலம். அடுத்த ஊருக்குப் போய்ப் பாண் வாங்கப் பெற்றோலும் இல்லை. விறகுப் போறணை ஒன்று கட்டிவிட்டால் போதும் என்று நினைத்தோம். (கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை, கப்பலில்தான் வரவேண்டும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.) வாத்தியார் என்பதால் பற்றுச்சீட்டுப் புத்தகம் என் கைக்கு வந்தது.

விடியலில் இடியப்பம் அவித்து விற்கும் ஒரு ராத்தா, சேலை முடிச்சை அவிழ்த்து 500 ரூபாய் தந்தார்.

“என்ட பங்கையும் எழுதுங்க சேர்.”

‘நன்கொடை’ என்று எழுதிக் கொடுத்தேன். வீதிக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பேக்கரி திறந்தால் முதலில் அடிவிழுவது அவருடைய இடியப்பத் தட்டுக்கு. அந்தப் போறணைக்கு அவரிடமே கல் வாங்கியிருக்கிறேன்!

1844 இல் இங்கிலாந்தின் றொச்டேலில் 28 பேர் ஆளுக்கொரு பவுண் போட்டு மா, வெண்ணெய், சீனி விற்கும் கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். பங்கு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது அவர்கள் வழி. நாங்களோ நன்கொடை கேட்டோம். கொடுத்தவருக்கு நன்றி சொல்வோம், கணக்குக் காட்டமாட்டோம்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். “ஒருவருக்காக ஊரே பட்டினி கிடப்பதா?” என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒருவரிடமும் காசு வாங்கியிருந்தோமே. பேக்கரி வந்தால் அதன் முன்மேசையில் அவருடைய இடியப்பமும் விற்கட்டும் என்றேன். சிலர் சிரித்தார்கள்.

அன்றிரவு அடிக்கட்டையில் ‘நன்கொடை’யை வெட்டிவிட்டுப் ‘பங்கு’ என்று எழுதினேன். மறுநாள் சீட்டையும் திருத்திக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன்.