நஷ்டஈடு கேட்பது பாவமா?



எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கிப்போகிற வழியிலே கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். சமாரியன் அவனுடைய காயங்களைக் கட்டினான் என்பதை ஞானோபதேசம் படிக்கும் நம் சிறுபிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஆனால் மறுநாள் நடந்ததை நாம் வேகமாய்க் கடந்துவிடுகிறோம். அவன் இரண்டு வெள்ளிக்காசைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஏற்றுக்கொண்டான் அன்றோ? காயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு வருகிறது. குற்றமேயில்லாத சமாரியன் அந்தக் கணக்கைத் தன் பையிலிருந்து தீர்த்தானென்றால், அடித்துப்போட்டவன் எவ்வளவு கடமைப்பட்டவன்!

இதைச் சொல்ல வேண்டியிருப்பது ஏனெனில், நம் குடும்பங்களில் ஒரு தப்பெண்ணம் உலவுகிறது. வீட்டுத் தலைவன் லாரியில் அடிபட்டு மரிக்கிறான். அடக்கம் முடிந்த கையோடு உறவின்முறையார் கூடி, “இரத்தத்துக்கு விலை வாங்கலாமா? ஆண்டவர் மன்னிக்கச் சொல்லவில்லையா?” என்கிறார்கள். வண்டிக்காரர் பக்கத்திலிருந்து இருவர் வந்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இருபதினாயிரமோ முப்பதினாயிரமோ வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணம் முப்பதாம் நாள் பூசைக்கு முன்னே கரைந்துபோகிறது. மூத்த பையன் பள்ளியை விட்டு வேலைக்குப் போகிறான்.

பிரியமானவர்களே, மன்னிப்பு வேறு, கடன் வேறு. மன்னிக்கிறவள் தன் மனதிலுள்ள பகையை விடுகிறாள். அது அவளுடையது, விடலாம். தகப்பனற்ற பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய சோறு அவளுடையதல்ல. சேசுநாதர் சக்கேயுவின் வீட்டில் விருந்தாளியாய் இறங்கியபோது, அவன் அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாக எழுந்து நின்று சொன்னான். யாத்திராகமம் 21-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒருவன் சண்டையிலே மற்றவனை அடித்துப் படுக்கையில் கிடத்தினால், அவன் வேலை செய்யாத நாட்களுக்கும் வைத்தியத்துக்கும் அடித்தவனே கொடுக்கவேண்டுமென்று மோயீசன் காலத்திலேயே விதி இருந்தது. இன்று கோர்ட்டிலே கேட்பதும் முக்கியமாய் இவ்விரண்டுதான்: இழந்த கூலி, வைத்தியச் செலவு.

இனிக் கணக்கைப் பாருங்கள். சுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்துக் கொடுத்த முறை இது. மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த 38 வயதுக் கொத்தனார் ஒருவர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டு விபத்தில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் கூடக்கூடிய வருமானத்துக்காக நூற்றுக்கு நாற்பது சேர்த்தால் 16,800. அவருடைய சொந்தச் செலவுக்கென்று மூன்றிலொரு பங்கு தள்ளினால் 11,200. வருஷத்துக்கு 1,34,400. அந்த வயதுக்குரிய பெருக்கம் 15. ஆகமொத்தம் 20,16,000 ரூபாய்! அவர் பேரிலும் தவறிருந்தால் அதற்குத் தக்கபடி குறையும். முத்திரைத்தாளில் எழுதித் தந்த இருபதினாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறந்தவள் வீட்டுத் தாயாயிருந்தால், “அடுப்படியில் இருந்தவள்தானே” என்று சொல்லவும் இடமில்லை. வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டுமென்று 2021-ல் அதே கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது.

மனு செய்யவேண்டிய இடம் மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம். விபத்து நடந்த ஊருக்கே போகவேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். தாமதம் ஆகாது. 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்று கெடு வைத்தது. போலீசின் முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, மருந்துக் கடை ரசீது ஒவ்வொன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வருகிற தொகையில் இத்தனை பங்கு எனக்கு என்று வக்கீல் பேசினால், அது வக்கீல்களுக்குரிய விதிகளுக்கே விரோதம் என்று அறிந்துகொள்ளுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலே பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசமாய் வக்கீல் வைத்துத் தருகிறார்கள்.

கேட்கிறவர்களுக்குச் சொன்னேன். கொடுக்கவேண்டியவர்களும் இதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடே முதலாவது. மாண்டவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அதிவேகத்தினால் மாண்டவர்கள். விதி என்று வாயால் சொல்லுகிறோம், அது விதியல்ல. குடிவெறியினாலோ வேகத்தின் மேலுள்ள மோகத்தினாலோ பிறர் உயிரை ஆபத்துக்குள்ளாக்குகிறவன் கனமான குற்றத்துக்கு ஆளாகிறான் என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ம் எண்ணில் கூறுகிறது. ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரம் கொடுக்கப்பட்டதல்ல.

மோயீசனின் சட்டத்தில் முட்டுகிற மாட்டைப்பற்றியும் ஒரு விதி உண்டு. மாடு முட்டுமென்று தெரிந்தும் கட்டிவைக்காதவன், அது ஆளைக் கொன்றால் தானே பழிக்கு உத்தரவாதி. பத்தாம் வகுப்புப் பாஸானதற்குப் பரிசாக, பதினைந்து வயதுப் பையன் கையில் மோட்டார் சைக்கிளைக் கொடுக்கிற தகப்பனார் இதை வாசிக்கட்டும். சட்டமும் அவரை விடுவதில்லை: 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம்வரை சிறை. இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் வண்டி ஓட்டுகிறவர் நாளை ஒரு குடும்பத்துக்குச் சேரவேண்டியதைத் தன் வீட்டையும் நிலத்தையும் விற்றுக் கட்ட நேரிடும். விற்க ஒன்றுமில்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

ஏழாம் கற்பனையும் எட்டாம் கற்பனையும் மீறப்படுகிற ஒரு காரியம் உண்டு. இடித்த வண்டி நிற்காமல் ஓடிவிடுகிறது. இன்ஷூரன்ஸ் உள்ள வேறொரு வண்டியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். காணாதவன் கண்டதாகச் சத்தியம் பண்ணுகிறான். ஏழை வீட்டுக்கு உதவிதானே என்று சமாதானம் சொல்லுகிறார்கள். இது களவு, பொய்ச்சத்தியமும் கூட. வெளிப்பட்டால் உண்மையாய் அடிபட்டவனுக்கும் ஒன்றும் கிடையாது. அதற்கு அவசியமும் இல்லை. அடையாளம் தெரியாத வண்டி இடித்துப் போனால், 2022 ஏப்ரல் முதல், இறந்தவர் குடும்பத்துக்கு 2,00,000 ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் கொடுக்கச் சட்டத்தில் ஏற்பாடு உண்டு. அதற்கான மனுவைத் தாலுகா அலுவலகத்தில் தாசில்தாரிடம் கொடுக்கலாம்.