நினைவு மரமும் நீரூற்றும் கையும்

தமிழ்நாட்டில் 2022 முதல் நவம்பர் 1ஆம் நாள் உள்ளாட்சிகள் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், ஊராட்சிப் பணியாளர்களைச் சிறப்பிக்க அன்று நடப்படும் வேம்போ புங்கையோ கோடைக்கு முன்பே வேர்பிடித்துக்கொள்ளும். வீடுதோறும் குப்பையை வாங்கி மட்குவது, மட்காதது எனத் தரம்பிரிக்கும் தூய்மைக் காவலரும், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், அதாவது விடியுமுன் மோட்டாரைப் போட்டுத் தெருத்தெருவாக வால்வைத் திறந்து குடிநீர் விடுபவரும், வேலை செவ்வனே நடக்கும்வரை எவர் கண்ணிலும் படுவதில்லை. தண்ணீர் வராத நாளில்தான் ஊருக்கு அவர்கள் நினைவு வருகிறது. ஆதலால் அவர்கள் பெயரால் ஒரு மரம் நிற்பது தகும். ஆயினும் கல்வெட்டில் நட்டவரின் பெயர் பெரிதாகவும் (அவர் மறுமுறை அப்பக்கம் வருவது அரிது), சிறப்பிக்கப்பட்டவர்கள் 'பணியாளர்கள்' என்னும் ஒற்றைச் சொல்லாகவும் பொறிக்கப்படுவதுண்டு. போதாக்குறைக்குக் கன்றின் தூரைச் சுற்றிச் சிமெண்டு பூசி மழைநீர் இறங்கும் வழியையும் அடைத்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குக் குடம் சுமந்து ஊற்றுவதும், ஆடு கடிக்காமல் முள் அடைப்பதும் பாராட்டுப் பெற்ற அதே பணியாளர்களின் தலையில்தான் பெரும்பாலும் விழுகின்றன. அப்பொறுப்பை வார்டு உறுப்பினர்கள் முறைவைத்து ஏற்பதாக நவம்பர் 1 அன்று கூடும் கிராம சபையிலேயே தீர்மானம் எழுதிக்கொள்ளத் தடையேதும் இல்லை.