புறமுதுகும் பொறுத்தலும்

போர்க்களத்தினின்று ஓடிய வீரனை என்ன செய்வது? கேள்வி பழையது, விடை எளிதன்று. அணியிலிருந்து ஒருவன் விலகினால் அந்த இடைவெளி வழியே பகைவன் நுழைகிறான். அருகே நின்றவன் உயிர் துறக்கிறான். ஆதலின் பகைவரை எதிர்கொள்ளுங்கால் புறமுதுகிடுவதைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. ஓடியவனுக்கு இரங்கினால் நின்று மடிந்தவனுக்கு அநீதி இழைத்தவர்களாகிவிடுவோமோ என்னும் ஐயம் நம் உள்ளத்தில் எழுவது இயல்பே.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரிட்டனும் அதன் பேரரசும் திரட்டிய படைகள் இக்கேள்விக்குத் துப்பாக்கியால் விடை பகர்ந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கினரின் தண்டனை குறைக்கப்பட்டது உண்மையே. எனினும் படையை விட்டோடியமை, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக 306 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏனையோருக்கு அச்சமூட்டுவதே நோக்கம். ஓயாத பீரங்கி முழக்கத்தால் மனம் சிதைந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது மருந்தேயன்றித் தண்டனை அன்று. 2006-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அந்த 306 பேரையும் மன்னித்தது. குடும்பங்கள் தலைநிமிர்ந்தன, மன்னிப்பைப் பெறவேண்டியவர்களோ மண்ணோடு மண்ணாகியிருந்தனர்.

இதே கேள்வி மதீனத்துச் சமுதாயத்தின் முன்னும் எழுந்தது. ஹிஜ்ரி 3-இல் உஹதுக் களத்தில் பின்வாங்கியோரை இறைவன் மன்னித்துவிட்டதாக ஆல இம்ரான் அத்தியாயம் அறிவிக்கிறது. ஹிஜ்ரி 9-இல் தபூக் படையெடுப்பு. கடுங்கோடை, நெடும்பயணம். கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு வாகனமும் வசதியும் இருந்தன. நாளை புறப்படலாமென நாள் கடத்தித் தங்கிவிட்டார்கள். களத்தினின்று ஓடுவதும் புறப்படாது தங்குவதும் ஒன்றல்ல. ஆயினும் அழைப்பை மீறியது குற்றமே.

பெருமானார் (ஸல்) அவர்கள் திரும்பியதும் எண்பதுக்கு மேற்பட்டோர் சாக்குப்போக்குக் கூறி நழுவினர். கஅபு, முராரா, ஹிலால் (ரலி) ஆகிய மூவர் மட்டும் உண்மையை உரைத்தார்கள். அவர்களோடு எவரும் பேசலாகாதென்று கட்டளை பிறந்தது. நாற்பதாம் நாள் மனைவியரிடமிருந்தும் விலகியிருக்குமாறு ஆணை வந்தது. தன்னிடம் வந்துவிடுமாறு கஸ்ஸான் மன்னன் விடுத்த மடலைக் கஅபு அவர்கள் அடுப்பிலிட்டு எரித்தார்கள். ஐம்பதாம் நாள் வைகறைத் தொழுகைக்குப் பின் மன்னிப்பின் நற்செய்தி எட்டிற்று. பள்ளிவாசலில் தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்தோடி வந்து கைபற்றி வாழ்த்தினார்கள்.

இங்கே குற்றம் குற்றமென்றே கூறப்பட்டது. தண்டனையும் கடுமையாகவே இருந்தது. நின்றவர்களின் தியாகம் மலிவாக்கப்படவில்லை. ஆனால் திரும்பும் வாசல் மட்டும் அடைக்கப்படவில்லை. உயிரோடிருப்பவனுக்கே தவ்பா உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. தல்ஹா அவர்கள் அன்று நீட்டிய கையைக் கஅபு அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. 2006-இல் நீட்டப்பட்ட கையைப் பற்றிக்கொள்ளவோ, அந்த 306 பேருள் ஒருவரும் இல்லை.