முதுகுக்குப் பின்னால்

வீட்டிலேயே போர்ட்ரெயிட் எடுக்கத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் லென்ஸைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து பேக்டிராப்பைப் பற்றி. "என்ன கலர் வாங்கலாம்?" சாம்பல் வாங்கு என்பதுதான் வழக்கமான பதில். நானும் அதையேதான் சொல்வேன். ஏன் என்று கேட்டால், கவனத்தைச் சிதறடிக்காது என்போம். நியாயமான பதில்தான். ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. ஒரு மனிதரிடம் பார்க்க வேண்டியது முகம் மட்டும்தான்; அவருக்குப் பின்னாலிருக்கும் சுவர், காலண்டர், கொடியில் காயும் துணி எல்லாம் இடைஞ்சல். இந்தத் தீர்ப்பை யார் கொடுத்தது?

சாம்பலை நடுநிலையான நிறம் என்று நாம் நம்புவதும் ஒரு காரணம். என்னுடைய ஸ்டூடியோ என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை. அங்கே விளக்கை முகத்திலிருந்து 3 அடியில் வைத்து, காகிதம் விளக்கிலிருந்து 6 அடியில் இருந்தால், காகிதத்துக்கு முகத்தில் விழும் வெளிச்சத்தில் கால்பங்குதான் போகும். சாம்பல் கிட்டத்தட்ட கருப்பாகிவிடும். அதே காகிதத்தின் மேல் தனியாக ஒரு விளக்கைத் திருப்பினால் வெள்ளையாகிவிடும். வெள்ளைக் காகிதத்தில் வேறு சிக்கல். கேமராவை ஆட்டோவில் விட்டால், கண்ணில் படுவதையெல்லாம் சராசரி சாம்பலாக்கப் பார்க்கும். சட்டகம் முழுக்க வெள்ளை இருந்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், முன்னால் நிற்கும் நம் ஊர் முகம் இருண்டுபோகும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பவரை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

இதை நன்றாகத் தெரிந்தே பயன்படுத்தியவர்கள் உண்டு. 1869இல் லண்டனில் ஜான் லாம்ப்ரே என்பவர் ஒரு மரச்சட்டத்தில் பட்டுநூல்களை இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்டி, அதன் முன்னால் மனிதர்களை நிர்வாணமாக நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்வைத்தார். வெவ்வேறு 'இனங்களின்' உடல்களை அளந்து ஒப்பிடுவதற்காக. அந்தச் சதுரங்களுக்கு முன்னால் நின்றவருக்கு ஊர் கிடையாது, தொழில் கிடையாது, பெயர்கூடத் தேவையில்லை. உயரமும் அகலமும் போதும். பின்திரை ஒரு அளவுகோலாக மாறியதும் ஆள் ஒரு மாதிரிப்பொருள் ஆகிவிட்டார்.

இதிலிருந்து ரிச்சர்ட் அவெடனின் வெள்ளைக் காகிதம் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பது எனக்கு இன்னமும் தீராத கேள்வி. 1979 முதல் 1984 வரை அவர் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் அலைந்து, சுரங்கத் தொழிலாளர்கள், எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்பவர்கள், நாடோடிகள் என்று 700க்கும் மேற்பட்டோரை நிழலில் மாட்டிய வெள்ளைக் காகிதத்தின் முன் நிறுத்திப் படமெடுத்தார். அதுவரை நடிகர்களுக்கும் அதிபர்களுக்கும் தந்த அதே வெண்மையை ஒரு சுரங்கத் தொழிலாளிக்கும் தந்தார், அது ஒரு வகைச் சமத்துவம் என்று சொல்லலாம். சுரங்கத்தை வெட்டியெறிந்துவிட்டு கரியை மட்டும் முகத்தில் விட்டுவைத்தார், அது சுரண்டல் என்றும் சொல்லலாம். இரண்டையும் சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகப்படுகிறது. நின்றவர்கள் அந்தக் காகிதத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

மாலியின் பமாகோ நகரத்தில் 1948இல் ஸ்டூடியோ தொடங்கிய சேய்து கெய்தாவின் முதல் பின்திரை அவருடைய சொந்தக் கட்டில் விரிப்பு. ஓரத்தில் குஞ்சம் தொங்கும் துணி. முற்றத்தில் அதைக் கட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் படமெடுத்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை துணியை மாற்றினார். பிற்காலத்தில் எந்தப் படம் எந்த வருடத்தது என்று அந்தத் துணிகளை வைத்தே அவரால் சொல்ல முடிந்தது. வாடிக்கையாளர்களுக்காக கோட், கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் வைத்திருந்தார். வந்தவர்கள் தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்ற ஆசையோடு வந்தார்கள், காசு கொடுத்தார்கள், படத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்களில் திரையில் வரைந்த மாளிகைப் படிக்கட்டுக்கும் பூந்தோட்டத்துக்கும் இதே வேலைதான். அந்தப் படிக்கட்டு நிஜம் என்று ஒருவரும் ஏமாந்ததில்லை. ஏறிப் பார்க்க ஆசை என்று மட்டும்தான் அது சொல்லும்.

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் போன வருடம் ஒரு படம் எடுத்துத்தரச் சொன்னார். எனக்கு மனதில் உடனே ஒரு ஃப்ரேம் வந்துவிட்டது: பூவரசு நிழல், தள்ளுவண்டி, கரிப்பெட்டியிலிருந்து எழும் லேசான புகை. சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

"தெனம் அந்த வண்டிகிட்டதான தம்பி நிக்கிறேன்? அத எல்லாரும் பாத்துட்டுதான இருக்காங்க. இது என் வீட்டுச் செவுத்துல மாட்டறதுக்கு."

சரி என்று அறைக்குக் கூட்டிவந்து சாம்பல் காகிதத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்தார். "இது சரியா வெளுக்காத வெள்ளை மாதிரில்ல இருக்கு" என்றார். முப்பது வருடம் துணி பார்த்த கண். கடைசியில் அலமாரியிலிருந்த நீலப் படுக்கை விரிப்பு அவருக்குப் பிடித்தது. ஆனால் மடிப்பு மடிப்பாக இருந்தது. எதுவும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கொண்டுவந்து, அவரே ஸ்டூலில் ஏறி கிளிப் போட்டார். வெள்ளைச் சட்டையில் அதன் முன்னால் உட்கார்ந்தார்.

அப்படியானால் நிற்பவர் கேட்டதெல்லாம் சரியா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். சுரங்க விபத்தைப் பதிவு செய்யப்போன பத்திரிகையாளரிடம் முதலாளி "பின்னால இருக்கிறது வேணாம்" என்றால் அதைக் கேட்கக்கூடாது. அங்கே பின்னணியை நம்பி யாரோ ஒரு முடிவெடுக்கப் போகிறார்கள். மறைப்பதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இஸ்திரி அண்ணனின் நீல விரிப்பு யாருக்கும் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் எந்தப் பகுதியை யாருக்குக் காட்டுவது என்று அவர் முடிவு செய்தார், அவ்வளவுதான்.

என் வேலையில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வந்தது. வீடியோவில் ஒரு நேர்முகத் தேர்வு, நாங்கள் இரண்டு பேர் கேள்வி கேட்கிறோம். வந்திருந்த பையன் பின்னணியை மங்கலாக்கியிருந்தான். என்னோடு இருந்தவர் அதை அணைக்கச் சொன்னார். அவர் கெட்டவரில்லை. பக்கத்தில் ஆளை உட்காரவைத்து விடை வாங்கியவர்களைப் பார்த்தவர். பையன் அணைத்தான். ஒரே அறை. மடித்துவைத்த மெத்தை, ஸ்டீல் அலமாரி, கேஸ் சிலிண்டர். கேமராவில் விழக்கூடாது என்று அவன் அம்மா முதுகை முழுக்க வளைத்து, ஏறக்குறைய தவழ்ந்து, அந்தப் பக்கம் போனார். ஆனாலும் விழுந்துவிட்டார். பையன் இரண்டு முறை ஸாரி சொன்னான். "திரும்பப் போட்டுக்கோங்க, பார்த்தாச்சு" என்றேன். போட்டுக்கொண்டான். ஆனால் அதுவரை சரளமாகப் பேசியவனின் குரல் அதற்குப் பிறகு இறங்கியே இருந்தது.

சரிபார்ப்பது தேவை என்றால் அதற்கு ஒரு நிமிடம் போதும். முன்கூட்டியே சொல்லிவிட்டும் செய்யலாம். அதற்குமேல் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு உரிமை கிடையாது. பின்னணியைக் கலைக்கும் மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் 'ஆள்', 'ஆள் இல்லை' என்று இரண்டாகப் பிரிக்கிறது. கணக்காக அது சுலபம். நம் கண்ணும் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் இன்னொரு பிரிவையும் சேர்த்துக்கொள்கிறது: 'இந்த ஆள் எந்த இடத்து ஆள்'. சுவரைப் பார்த்து வாடகையையும், மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து சாதியையும் கணக்குப்போடத் தெரிந்த ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட ஊரில் வெற்றுத் திரையைக் கேட்பவரிடம் "உங்க உண்மையான இடத்தில் எடுக்கலாமே" என்று வற்புறுத்துவதற்கு முன், அந்த உண்மைக்கான விலையை யார் கொடுக்கப்போகிறார் என்று யோசிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் என்ன கலர் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படத்தை யார் பார்க்கப்போறாங்க? படம் எடுத்துக்கொள்ள வருபவர்களிடமும் அதையே கேட்கிறேன். பெரும்பாலானோர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். அண்மையில் ஒரு தோழி, "நான் மட்டும்தான்" என்றாள். பதினோரு வருடம் குடியிருந்த வீட்டை மாதக் கடைசியில் காலி செய்கிறாள். என் அறைக்கு வரவில்லை, என்னை அங்கே வரச்சொன்னாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்றாள். சுவரிலிருக்கும் ஒரு கறைகூட மங்கக்கூடாது என்றாள். அப்பர்ச்சரை எஃப் 8இல் வைத்து எடுத்தேன்.