வேலிக்காலும் மனச்சாட்சியும்



தோட்டத்துக்கு வேலி அடைப்பதற்கும் ஆத்தும காரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் கேட்கலாம். கால் நடுகிறவன் யோசிப்பதெல்லாம் எந்த மரம், எவ்வளவு ஆழம், கறையான் ஏறுமா என்பதுதான். அதுவும் வேண்டிய யோசனையே. வைரம் பாய்ந்த பனங்காலையோ கருவேலங்காலையோ எடுத்து, அடிப்பாகத்துக்குத் தார் பூசி, நீளத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைக் குழிக்குள் இறக்கி, மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையால் இடித்துக் கெட்டிப்படுத்தினால் கால் அசையாமல் நிற்கும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: குழியை எங்கே தோண்டுவது?

நம் விளாங்குடி 2011ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. சுற்றிலும் வயல்கள் மனைகளாகி வருகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறடி நீள வேலியை அடுத்தவன் பக்கம் ஓர் அடி தள்ளி நட்டால் 100 சதுர அடி நமக்குச் சேரும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே ஏறக்குறையக் கால் சென்ட் நிலம்! கன்னம் வைக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை; ஆயினும் ஏழாம் கற்பனை மீறப்பட்டுவிட்டது. வருஷந்தோறும் வரப்பை நாலு விரற்கடை சீவுகிற மண்வெட்டிக்கும் இதே தீர்ப்புத்தான். அயலானுடைய எல்லைக் குறியைப் பெயர்க்கிறவனைச் சபிக்கும்படி மோயீசனின் சட்டம் கட்டளையிட்டது. பக்கத்து நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்க ஆசைப்பட்ட ஆக்காப் அரசனின் கதை, நாபோத்தின் கொலையில் போய் முடிந்தது.

“சாமி, வேலி போட்டுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. இனி யாரும் கேட்க முடியாது” என்பார் உண்டு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஒருவன் பிறனுடைய நிலத்தை அவனுக்கு எதிராக வெளிப்படையாக 12 வருஷம் தொடர்ந்து அனுபவித்துவிட்டால், உரியவன் வழக்காடி மீட்கும் உரிமையை இழந்துபோகலாம். சாட்சிகள் செத்து, பத்திரங்கள் மக்கிய பின்னும் பழைய வழக்குகள் இழுபடாதிருக்க இப்படி ஓர் எல்லை தேவைப்படுகிறது. ஆயினும் 2008ஆம் ஆண்டு நம் உச்ச நீதிமன்றமே, நேர்மையற்றவனுக்கு இது லாபமாய் முடிகிறதே என்று வருந்தி, இதை மறுபடி ஆராய வேண்டுமென்று அரசைக் கேட்டுக்கொண்டது.

திருச்சபையோ 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச் சங்கத்திலேயே தீர்மானம் செய்துவிட்டது: நல்லெண்ணம் இல்லாதவனுக்குக் காலம் கடந்ததால் உரிமை பிறக்காது. தன்னுடையதென்றே மெய்யாக நம்பி அனுபவித்தவன் வேறு; பிறனுடையதென்று அறிந்தே அனுபவித்தவன் வேறு. நீதிமன்றம் நிரூபிக்கப்படுவதைப் பார்க்கிறது. மனச்சாட்சி தனக்குத் தெரிந்ததைப் பார்க்கிறது. பன்னிரண்டு வருஷத்தில் கிளுவைப் போத்து வேர்விட்டு மரமாகும். களவு நியாயமாகாது.

“நான் நட்டதல்ல, அப்பா நட்டது” என்பது இன்னொரு சாக்கு. அறியாதவரையில் மகன் மேல் குற்றமில்லை. கல் எங்கே இருக்கிறதென்று தெரிந்த அன்று முதல் பொறுப்பு அவனுடையது. பக்கத்து நிலத்துக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், அல்லது கணக்கு வழக்கு அறியாத விதவைத்தாய் என்றால், கேட்க ஆளில்லை என்று துணிவதா? கேட்க ஆளில்லாதவனுக்கு அநியாயம் செய்வது இன்னும் கொடிது. வாய்க்கால் புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லை என்பதும் பொய். அது கடைமடை வரையுள்ள எல்லாருக்கும் சொந்தம்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் தீர்ந்ததா? எடுத்ததைத் திருப்பிக்கொடுக்கும் மனமில்லாமல் மன்னிப்பு எப்படிக் கிடைக்கும்? அதற்காக ஊரைக் கூட்டித் தன்னைத் தானே அவமானப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. முறைப்படி பணம் கட்டி நில அளவரை வரவழையுங்கள். அடுத்த நிலத்துக்காரரையும் கூட நிறுத்திப் புலப்படத்தின்படி அளந்து, எல்லைக்கல்லைக் கண்டுபிடியுங்கள். பிறகு காலைப் பிடுங்கி உரிய இடத்தில் நடுங்கள். அந்தத் துண்டில் இதுவரை விளைந்த பலனுக்கும் ஏற்றபடி ஈடு செய்யுங்கள். உயிர்வேலி வைக்கிறவர்கள், அது தடித்துப் படரும் என்பதை நினைத்து, தம் பக்கமே கொஞ்சம் உள்ளே தள்ளிப் போத்து ஊன்றுவது நல்லது. அப்படி விட்ட இடத்தால் எவரும் ஏழையாவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுப்போகும் நிலத்தோடு வழக்கையும் பகையையும் சேர்த்து விட்டுப்போக வேண்டாம். வருகிற ஞாயிறு பூசைக்கு முன், ஒருமுறை தோட்டத்து மூலைக்கல்லைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.